கிழிந்த பெருந்தமனி

1760-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள் காலை. லண்டன் மாநகரின் கென்சிங்டன் அரண்மனையில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் வழக்கம்போல் துயிலெழுந்தார். ஒரு கோப்பை சாக்லேட் பானம் பருகினார். பின்னர்க் காலைக்கடன் கழிக்கத் தனியறைக்குள் சென்றார். சற்று நேரத்தில் கனத்த பொருள் ஒன்று விழுந்தாற்போன்ற ஓசை கேட்டது. ஏவலர் ஓடிச்சென்று பார்த்தபோது மன்னர் தரையில் கிடந்தார். மருத்துவர் வந்தும் பயனில்லை. எழுபத்தேழாம் பிறந்த நாளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களே இருந்தன. அவ்வாண்டு ஜனவரியில்தான் நம் வந்தவாசியில் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையை முறியடித்திருந்தது. வரலாற்றுப் பாடத்தில் 1760 என்றதும் வந்தவாசியை நினைக்கும் மாணவர்கள், மருத்துவ வரலாற்றிலும் அவ்வாண்டுக்கு ஓர் இடம் உண்டு என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

மன்னரின் உடலை அறுத்து ஆராயும் பொறுப்பு ஃபிராங்க் நிக்கல்ஸ் என்னும் அரண்மனை மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இதயத்தைச் சுற்றியுள்ள பையை அவர் திறந்தார். அதனுள் ஏறக்குறைய அரைப்படி அளவுக்கு இரத்தம் உறைந்து நிறைந்திருந்தது. அந்த இரத்தத்தின் நெருக்கத்தால் இதயம் விரியவும் சுருங்கவும் இடமின்றி நின்றுபோயிருந்தது. அத்துடன் அவர் விட்டுவிடவில்லை. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியையும் பிளந்து பார்த்தார். அதன் உட்புறத்தில் ஒன்றரை அங்குல நீளத்திற்குக் குறுக்கே ஒரு கிழிசல் இருந்தது. அக்கிழிசலின் வழியே இரத்தம் புகுந்து தமனிச் சுவரின் அடுக்குகளைத் தனித்தனியே பிரித்திருந்தது. இவ்வளவையும் நிக்கல்ஸ் எழுதி ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். பெருந்தமனியின் அடுக்குப் பிளவைத் தெளிவாக விவரித்த பழைய ஏடுகளில் அதுவே தலையாயது.

நேயர்களே, அந்த அறிக்கையில் இரண்டு கேடுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்று தமனியின் கிழிசல். மற்றொன்று இதயத்தின் நெருக்கடி. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது; எனினும் மன்னரின் உயிரைக் கையோடு கொண்டுபோனது இரண்டாவதுதான். இந்நோய் தனியே வருவது அரிது. வரும்போது மற்றோர் அவசர நிலையையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டே வரும். எதை முதலில் கவனிப்பது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடியே மருத்துவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் கதையே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் உறுப்பின் அமைப்பைச் சற்றே பார்ப்போம். பெருந்தமனி இதயத்திலிருந்து மேலெழுந்து, கைத்தடியின் பிடிபோல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி மார்பின் வழியே கீழிறங்குகிறது. உதரவிதானத்தைக் கடந்து வயிற்றுக்குள் வந்ததும் அதற்கு வயிற்றுப் பெருந்தமனி என்று பெயர். அங்கே அதன் கனம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். ஈரலுக்கும் இரைப்பைக்கும் ஒரு கிளை, குடலுக்குக் கிளைகள், இரு சிறுநீரகங்களுக்கும் இரண்டு கிளைகள் என்று பிரித்துக் கொடுத்துவிட்டுத் தொப்புள் மட்டத்தில் அது இரண்டாகக் கவைத்துக் கால்களுக்குச் செல்கிறது. ஏரியின் தலைவாய்க்கால் என்று அதனைச் சொல்லலாம், கால்விரல்கள் கடைமடை.

இந்தக் குழாயின் சுவர் ஒற்றைத் தோலன்று. மூன்று அடுக்குக்கள் கொண்டது. வாழை மரத்தை வெட்டிப் பார்த்தால் பட்டைக்குள் பட்டையாக இருப்பதைக் காண்கிறோம் அல்லவா, அதுபோல. உட்பட்டையில் சிறு கிழிசல் உண்டாயின், அடிக்கு அடி அழுத்தத்துடன் வரும் இரத்தம் அதில் நுழைந்து பட்டைகளை உரித்துக்கொண்டே போகும். அப்போது குழாய்க்குள் இரண்டு வழிகள் உண்டாகின்றன. பழைய வழியை மெய்வழி என்றும், புதிதாகப் பிளந்த வழியைப் பொய்வழி என்றும் வைத்துக்கொள்வோம். பொய்வழி வீங்கி வெளிச்சுவரை உடைத்தால் ஒரு சில நிமிடங்களில் மரணம். உடையாவிட்டாலும் அது மெய்வழியை நெருக்கிக் கிளைகளின் வாயை அடைத்துவிடக்கூடும். அப்போது சிறுநீரகமோ குடலோ காலோ இரத்தமின்றி வாடத் தொடங்கும். கரை உடைப்பு ஒரு கேடு. கடைமடை காய்வது மற்றொரு கேடு. இரண்டும் ஒரே நாளில் ஒரே உடலில் நேரலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். தமனிச் சுவர் நலிந்து பலூன்போல் புடைப்பது வேறு நோய். விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீனுக்கு வயிற்றில் இருந்தது அந்தப் புடைப்பு. 1948-இல் ருடால்ஃப் நிஸன் என்னும் அறுவை மருத்துவர் அதனைச் செல்லோஃபேன் தாளால் சுற்றிக் கட்டினார். 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது மறுபடியும் அறுவை வேண்டாமென்று ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார். புடைப்பும் பிளவும் உறவினர்களே, ஆயினும் ஒன்றல்ல. பழைய நூல்கள் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டு மயங்கவைத்தன. நெஞ்சின் ஒலியைக் கேட்கும் குழல்மானியைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் லாயென்னெக், 1819-இல் ‘பிளந்து செல்லும் புடைப்பு’ என்று பொருள்படும் பெயரைப் பிளவு நோய்க்குச் சூட்டினார். அந்தப் பெயரால் மயக்கம் இன்னும் நூறாண்டு நீடித்தது என்றே சொல்ல வேண்டும்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. உயிருடன் இருப்பவரிடம் இந்நோயைக் கண்டுபிடிப்பதே அரிதாயிருந்தது. மார்பிலோ முதுகிலோ வயிற்றிலோ ஏதோ கிழிபடுவதுபோல் திடீரென்று வலி தோன்றும். மாரடைப்பு என்று ஒருவர் நினைப்பார். சிறுநீரகக் கல் என்று மற்றொருவர் நினைப்பார். குடல்வால் அழற்சி என்று வேறொருவர் நினைப்பார். உண்மை பிணவறையில்தான் வெளிப்படும்.

ஆனால் அந்தப் பிணவறையிலிருந்தே முதல் நம்பிக்கையும் வந்தது. 1822-இல் டப்ளின் நகரத்து மருத்துவர் ஷெகெல்டன் வியப்பான ஒன்றை எழுதினார். பெருந்தமனி பிளந்தும் அதனால் உடனே இறவாதவர்களின் தமனியை அவர் கண்டார். பிளந்துகொண்டு போன இரத்தம் ஓரிடத்தில் உட்பட்டையை மறுபடியும் துளைத்துக்கொண்டு மெய்வழிக்கே திரும்பியிருந்தது. பொய்வழியின் உட்புறமும் நாளடைவில் வழவழப்பான தோல் பெற்று, இரட்டைக் குழல் துப்பாக்கிபோல் இரு குழாய்களாக அமைந்து, இரண்டிலும் இரத்தம் ஓடியிருக்கிறது. கரையை உடைத்து வெளியேறிய வெள்ளம் கீழே மீண்டும் வாய்க்காலிலேயே விழுந்தால் ஊர் பிழைக்கும் அல்லவா? இயற்கை அதனைத்தான் செய்திருந்தது. லண்டன் மருத்துவர் தாமஸ் பீக்காக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, இந்த மறுவழி இயற்கை செய்யும் அரைகுறைச் சிகிச்சை என்னும் முடிவுக்கு வந்தார்.

அரைகுறையாயினும் இயற்கை செய்வதை மனிதன் ஏன் செய்யக் கூடாது? இக்கேள்வி கத்தி முனைக்கு வர மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1935-இல் நியூயார்க் நகரில் டேவிட் குரின் என்பவரும் அவருடைய தோழர்களும் அதனைச் செய்து பார்த்தனர். பெருந்தமனி பிளந்து, அப்பிளவு கீழிறங்கி, ஒரு காலுக்குப் போகும் தமனியை அடைத்துவிட்டது. கால் குளிர்ந்து நாடி நின்றுபோயிற்று. மேலே மார்பிலுள்ள கிழிசலைத் தொட அக்காலத்தில் எவராலும் இயலாது. ஆகவே அவர்கள் கீழே வந்தார்கள். இடுப்பின் அருகே தமனியைத் திறந்து, உட்பட்டையில் ஒரு சாளரம் வெட்டினார்கள். பொய்வழியில் சிக்கிய இரத்தம் மெய்வழியில் விழுந்தது. காலில் நாடி திரும்பிற்று!

ஆனால் நோயாளி பிழைக்கவில்லை. சில நாட்களில் சிறுநீரகங்கள் செயலற்று அவர் மாண்டார். கடைமடைக்கு நீர் வந்தது, நடுமடை காய்ந்திருந்தது. இந்த முயற்சியைத் தோல்வி என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. இரண்டு அவசர நிலைகள் ஒருங்கே நிற்கும்போது, தம்மால் தீர்க்கக் கூடியது எது என்று எண்ணித் துணிந்த முதல் அறுவை அதுதான். சிறுநீரகங்களைத் தாங்கிப் பிடிக்கும் கருவி அன்று உலகில் எங்குமே இல்லை. ஹாலந்தின் வில்லெம் கோல்ஃப் தம்முடைய செயற்கைச் சிறுநீரகத்தால் ஒரு நோயாளியைக் காப்பாற்றியது 1945-இல்தான். பெனிசிலின் மருத்துவமனைகளுக்கு வந்து சேரவில்லை. அமெரிக்காவில் மருத்துவமனை இரத்த வங்கி தோன்றியதும் 1937-இல்தான். ஆயுதமின்றிப் போருக்குச் சென்றவர்கள் அவர்கள்.

அந்த ஆயுதங்களில் தலையாயது தையல். இதைக் கேட்டு மாணவர்கள் சிரிக்கலாம். ஆனால் இரத்தக் குழாயைத் தைப்பது சட்டை தைப்பது போன்றதன்று. தையலின் இடுக்கில் ஒரு துளி இரத்தம் உறைந்தாலும் குழாய் அடைபடும். தையல் சற்றே தளர்ந்தாலும் உயிர் ஒழுகிவிடும். 1894-இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அறுந்த இரத்தக் குழாயைத் தைக்கத் தெரிந்தவர் அந்த நகரில் ஒருவரும் இல்லை. அப்போது அங்கே மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் காரெல் என்னும் இளைஞரை இது உறுத்திற்று. அவர் ஒரு பூத்தையற்காரியிடம் சென்று மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளப் பழகினார். குழாயின் வாயை மூன்று முனைகளில் இழுத்துப் பிடித்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். 1912-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

உடலுக்குள் இருப்பதைப் பார்க்கும் வழியும் பிறந்தது. 1929-இல் லிஸ்பன் நகரத்து டோஸ் சான்டோஸ் வயிற்றுப் பெருந்தமனிக்குள் ஊசிவழியே மருந்து செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். 1951 மார்ச் 29-ஆம் நாள் பாரிஸில் ஷார்ல் துபோஸ்ட் புடைத்துப்போன வயிற்றுப் பெருந்தமனியை வெட்டியெடுத்து, இறந்த ஒருவரின் தமனித் துண்டை அங்கே பொருத்தினார். அடுத்த ஆண்டில் நியூயார்க்கின் ஆர்தர் வூரீஸ் செயற்கை இழைத் துணியால் குழாய் செய்து விலங்குகளில் வைத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்.

இங்கே நம் கதைக்குள் மைக்கேல் டிபேக்கி வருகிறார். லெபனான் நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களின் மகன், 1908-இல் பிறந்தவர். தாயார் அவருக்கு இளமையிலேயே தையல் கற்றுக்கொடுத்திருந்தார். ஹூஸ்டன் நகரில் அறுவைப் பேராசிரியராயிருந்தபோது அவர் நைலான் வாங்கக் கடைக்குப் போனார். அங்கே நைலான் தீர்ந்துபோயிருந்தது. டெக்ரான் என்று ஒரு புதுத்துணி இருக்கிறது என்றார்கள். அதனை வாங்கி வந்து, தம் மனைவியின் தையல் இயந்திரத்திலேயே குழாய்களாகத் தைத்தார். உடம்பு ஏற்றுக்கொண்ட துணி அதுவாகவே அமைந்தது. பெரிய கண்டுபிடிப்புக்களில் கடைக்காரனுக்கும் ஒரு பங்கு இருப்பதுண்டு!

துணி கைக்கு வருமுன்பே பிளவு நோயை நேருக்கு நேர் எதிர்க்கும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. 1953-இல் ஜான்ஸ் என்னும் மருத்துவர், வயிற்றுப் பெருந்தமனி பிளந்து உடைந்த இடத்தை நேரே தைத்ததை அறிவித்தார். 1954 ஜூலை 7-ஆம் நாள் டிபேக்கி, டென்டன் கூலி, ஆஸ்கார் கிரீச் ஆகிய மூவரும் மார்பைத் திறந்து, பிளந்த பெருந்தமனியைச் சீர்செய்து வெற்றி கண்டனர். 1955-இல் பாஸ்டனின் ராபர்ட் ஷா, சாளரம் வெட்டும் முறையையே மீண்டும் கையிலெடுத்து எழுதினார். ஒரு சாரார் கரையை அடைக்க வேண்டும் என்றனர். மற்றொரு சாரார் கடைமடைக்கு நீர் விட வேண்டும் என்றனர். இரண்டு கட்சிக்கும் நியாயம் இருந்தது. நோயாளிகள்தாம் இரண்டு பக்கத்திலும் நிறைய இறந்தார்கள்.

மூன்றாவது கட்சி ஒன்று 1965-இல் எழுந்தது. அதன் தோற்றம் விந்தையானது. அமெரிக்கக் கோழிப் பண்ணைகளில் வான்கோழிகள் திடீர் திடீரென்று பெருந்தமனி வெடித்துச் செத்து விழுந்தன. தீவனத்தில் ரெசர்ப்பின் என்னும் மருந்தைச் சிறிதளவு கலந்தபோது சாவு குறைந்தது. அந்த ரெசர்ப்பின் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தியின் வேரிலிருந்து! பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் இந்த வேரினால் இரத்த அழுத்தம் தணிவதை ஆங்கில மருத்துவ ஏட்டில் எடுத்துக்காட்டினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் வேரின் சத்து தனியே பிரிக்கப்பட்டது. ஃபிளோரிடாவைச் சேர்ந்த மைரன் வீட் என்னும் அறுவை மருத்துவர் இதனைக் கருத்திற்கொண்டார். அழுத்தத்தை மட்டுமன்றி, இதயம் ஒவ்வொரு முறையும் இரத்தத்தை மோதித் தள்ளும் வேகத்தையும் தணித்துவிட்டால் பிளவு மேலும் பரவாது என்று அவர் வாதித்தார். ரெசர்ப்பினும் வேறு சில மருந்துகளும் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். அறுவை மருத்துவர் ஒருவரே கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுத்திருக்கச் சொன்னது சிறிய செய்தியன்று. ரெசர்ப்பினின் இடத்தில் இன்று வேறு மருந்துகள் நிற்கின்றன, முறை நிலைத்துவிட்டது.

அதே 1965-இல் டிபேக்கி குழுவினர் 179 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து, பிளவு தொடங்கும் இடத்தையும் பரவும் அளவையும் வைத்து அதனை மூன்று வகையாகப் பிரித்தனர். இதயத்தை ஒட்டிய மேலேறும் பகுதி கிழிந்தால் முதல் நாட்களில் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் இருவர் வீதம் இறப்பர். அங்கே தாமதமின்றி அறுவை வேண்டும். கீழிறங்கும் பகுதி மட்டும் கிழிந்து வேறு தொல்லை இல்லையென்றால் மருந்தே முதல் துணை. வயிற்றுப் பகுதியில் மட்டும் பிளவு தோன்றுவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அரிது என்பதனாலேயே அது எளிதில் தவறிப்போகிறது.

வயிற்றில்தான் நம் பழைய கேள்வி மிகக் கூர்மையாக எழுகிறது. பெருந்தமனி பிளந்திருக்கிறது, அதே வேளையில் குடல்வால் வெடித்தோ குடல் துளைபட்டோ வயிற்றுக்குள் சீழ் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீழ் நிறைந்த வயிற்றைத் திறந்து டெக்ரான் குழாயைப் பொருத்தினால் கிருமிகள் அத்துணியில் குடியேறிவிடும். பின்னர் அவற்றை விரட்டுவது மிகக் கடினம். துணி வைக்காமல் விட்டால் தமனி உடையலாம். இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தால் தமனிக்கே முதலிடம். ஒழுகவில்லையென்றால் அழுத்தத்தை மருந்தால் அடக்கிவிட்டு வயிற்றைச் சுத்தம் செய்வதற்கு முதலிடம். குடல் இரத்தமின்றி வாடும்போது கணக்கு மறுபடியும் மாறும். ஆறு மணி நேரம் கடந்தால் குடல் மீளுவது அரிது. அப்போது இரத்த ஓட்டத்தைத் திருப்புவதே தலையாய வேலை. புத்தகத்தில் எழுதிய வரிசை எல்லா நோயாளிக்கும் பொருந்துவதில்லை. உடனே உயிரை வாங்கக் கூடியது எது என்று நள்ளிரவில் இரண்டு மூன்று பேர் கூடி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அவர்களுக்கு ஒரு புதிய துணை கிடைத்தது. 1987-இல் கார்கிவ் நகரின் நிக்கோலாய் வொலொடோஸும், 1990-இல் புவெனோஸ் ஐரெஸ் நகரின் ஹுவான் பரோடியும், மார்பையோ வயிற்றையோ பிளக்காமல், தொடைத் தமனியின் வழியே மடித்த துணிக்குழாயை உள்ளே செலுத்தி, உரிய இடத்தில் கம்பிச் சட்டத்தால் விரியவைத்தனர். 1999-இல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டேக்கும் ஜப்பானியத் தோழர்களும் இம்முறையைப் பிளவு நோய்க்குப் பயன்படுத்தினர். துணிக்குழாய் கிழிசலின் வாயை மூடியதும் பொய்வழிக்கு இரத்த வரத்து நின்றது, மெய்வழி விரிந்தது, அடைபட்டிருந்த கிளைகளில் பெரும்பாலானவை தாமே திறந்துகொண்டன. கரை உடைப்பும் கடைமடை வறட்சியும் ஒரே செயலால் தீர்ந்தன. 1935-இல் குரினுக்கு வாய்க்காதது இது. சீழ் பிடித்த வயிற்றைத் தொடாமலே தமனியைக் காக்கவும் இதனால் பல சமயங்களில் முடிகிறது. குழாயைத் தாங்குவதற்கு நல்ல சுவர் சிறிதும் எஞ்சாத இடத்தில் பழைய கத்தியும் ஊசியுமே வேண்டும்.

இனி டிபேக்கியிடம் திரும்புவோம். 2005 டிசம்பர் 31-ஆம் நாள். தொண்ணூற்றேழு வயது நிறைந்த அவர் வீட்டில் ஒரு சொற்பொழிவுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். மார்பிலும் தோள்களுக்கிடையிலும் திடீரென்று கடும் வலி கண்டது. மாரடைப்பு இல்லையென்றால் இது பெருந்தமனிப் பிளவுதான் என்று அவரே கணித்துக்கொண்டார். எத்தனையோ பேருக்குத் தாம் பார்த்த நோய்! மேலேறும் பகுதியில் கிழிசல். அவர் பிரித்த மூன்று வகைகளில் இரண்டாவது வகை. அறுவை வேண்டாம் என்று மறுத்தார். அந்த வயதில் அது எவ்வளவு கொடியது என்று அவரைவிட அறிந்தவர் யார்? வாரங்கள் கடந்தன. தமனி மேலும் புடைத்தது. அவர் நினைவிழக்கும் நிலைக்கு வந்தார். ஹூஸ்டன் மெதடிஸ்ட் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு 2006 பிப்ரவரி 9-ஆம் நாள் இரவு கூடியது. மயக்க மருந்து கொடுப்போர் சிலர் ஒதுங்கினர். நோயாளி வேண்டாமென்று சொன்னதை மீறலாமா என்று விவாதம் நடந்தது. அவருடைய மனைவி அக்கூட்டத்திற்குள் புகுந்து, நேரம் வீணாகிறது, உடனே செய்யுங்கள் என்று கேட்டார்.

அவருடன் நெடுங்காலம் பணியாற்றிய ஜார்ஜ் நூன் ஏறக்குறைய ஏழு மணி நேரம் அறுவை செய்தார். கிழிந்த பகுதியை அகற்றிவிட்டு அங்கே டெக்ரான் குழாயை வைத்துத் தைத்தார். பின்னர்ச் சிறுநீரகங்கள் சோர்ந்தன. செயற்கைச் சிறுநீரகம் தாங்கிற்று. மூச்சு தளர்ந்தது, இயந்திரம் தாங்கிற்று. ஒவ்வொன்றாக வந்த அவசர நிலைகளை ஒவ்வொன்றாகக் கடந்து 2006 செப்டம்பரில் அவர் வீடு திரும்பினார். தம் சொல்லை மீறி அறுவை செய்தவர்களிடம் அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை; செய்தது நல்லதே என்றார். மீண்டும் தம் அலுவலறைக்குச் சென்று வேலை பார்த்தார். 2008 ஜூலை 11-ஆம் நாள் அவர் இறந்தபோது நூறு வயது நிறைய இரண்டு மாதங்களே குறைவாயிருந்தன.